பந்தயக் கட்டுமரத்தில் ஸ்பின்னக்கர்க் கயிறுகள்: கட்டும் முறைக்கு உரிய இடம்

கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் இன்று உலகின் பல மொழிகளில் வழங்கி வருகிறது. சோழமண்டலக் கரையில் மீனவர்கள் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் செலுத்திய மிதவையை, வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடற்பயணி, 1697ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பயண நூலில் அப்பெயராலேயே குறிப்பிட்டார். பிற்காலத்தில் அச்சொல் தன் பழைய பொருளினின்றும் விலகி, ஒடுங்கிய இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து அமைக்கப்பட்ட படகுக்குப் பெயராயிற்று. அத்தகைய இரட்டையுடற் படகின் மூல வடிவம் பசிபிக் தீவினர் கண்டது. பெயர் மட்டுமே தமிழருடையது. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. மரத்தைக் காட்டிலும் கட்டே முதன்மையானது என்பதே அவ்வுண்மையாகும்.

பந்தயத்திற்கெனச் செய்யப்படும் இக்காலத்து இரட்டையுடற் படகுகளில் இவ்வுண்மை பெரிதும் மறக்கப்படுகிறது. உடலின் வடிவம், பாயின் வெட்டு, பாய்மரத்தின் மூலப்பொருள் ஆகியவற்றைப் பற்றி நீண்ட விவாதங்கள் நிகழ்கின்றன. ஆனால் ஸ்பின்னக்கர் என்னும் பெரிய முன்பாயை ஏற்றவும், இறக்கவும், அடக்கவும் பயன்படும் கயிறுகளை அமைப்பது, கரையில் கடைசி நேரத்தில் செய்து முடிக்கும் சில்லறை வேலையாகவே கருதப்படுகிறது. இக்கருத்து தவறானது. கயிறுகளின் அமைப்பு கணக்கிட்டும், எழுதி வைத்தும், சோதித்தும் செய்யவேண்டிய பொறியியற் பணியாகும். படகின் வேகம் மட்டுமன்றிப் படகோட்டிகளின் உயிரும் அதனைப் பொறுத்துள்ளது.

ஸ்பின்னக்கர் வந்த வரலாறு

இரட்டையுடற் படகின் வேகம் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்றே. 1876ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நடைபெற்ற பந்தயத்தில், நதானியல் ஹெரஷாஃப் என்பவர் அமைத்த ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டையுடற் படகு மற்றப் படகுகளை எளிதாக வென்றது. அவ்வெற்றியே அதற்குப் பகையாயிற்று. அவ்வகைப் படகுகள் ஒற்றையுடற் படகுகளோடு போட்டியிடுதல் அதன்பின் தடுக்கப்பட்டது.

நூறாண்டு கழித்து, 1976ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டியில் ‘டொர்னாடோ’ என்னும் படகு இடம்பெற்றது. ராட்னி மார்ச் என்பவர் 1967இல் வரைந்த இப்படகு, 6.1 மீட்டர் நீளமும் சுமார் 3 மீட்டர் அகலமும் உடையது. முதலில் இதற்கு ஸ்பின்னக்கர் இல்லை. 2000ஆம் ஆண்டு சிட்னிப் போட்டிக்குப் பின்னரே ஸ்பின்னக்கரும் இரண்டாவது டிரபீஸும் சேர்க்கப்பட்டன. ஒலிம்பிக்கில் அவற்றோடு அப்படகு முதன்முதலாக ஓடியது 2004இல் ஏதென்ஸில் ஆகும். 2008க்குப் பின் இரட்டையுடற் படகு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 2016இல் ரியோவில் ‘நாக்ரா 17’ என்னும் புதிய வடிவில் மீண்டது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து படகோட்ட வேண்டும் என்பது விதி. கழக அளவில் பல நாடுகளிலும் பரவியுள்ள ‘ஃபார்முலா 18’ வகையில், படகின் நீளம் 5.52 மீட்டருக்கும் அகலம் 2.60 மீட்டருக்கும் மிகலாகாது. எடை 180 கிலோகிராமுக்குக் குறையலாகாது. எடை மிகுந்த இணையருக்கு 21 சதுர மீட்டரும், எடை குறைந்த இணையருக்கு 19 சதுர மீட்டரும் உள்ள ஸ்பின்னக்கர் அனுமதிக்கப்படுகிறது.

இருவர் மட்டும் செலுத்தும் ஒரு சிறு படகில், ஓர் அறையின் தரையை முழுவதும் மூடக்கூடிய பரப்புள்ள பாய் சில விநாடிகளில் ஏறவும் இறங்கவும் வேண்டியிருக்கிறது. அதனை இயக்குவன கயிறுகளே.

கயிறுகள் யாவை?

பாயை மேலேற்றும் கயிற்றுக்குத் தமிழ்க் கடலோடிகள் வழங்கிய பெயர் ஆஞ்சான். பாயின் பின்மூலையைப் பிடித்து அதனை இறுக்கவும் தளர்த்தவும் பயன்படும் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். இவ்விரண்டு சொற்களும் இக்காலப் பந்தயப் படகுக்கும் முற்றிலும் பொருந்துவன.

இரட்டையுடற் படகில் ஸ்பின்னக்கர் ஒரு நீண்ட முன்கழியின் நுனியிலிருந்து விரிகிறது. கழியின்கீழ் வாய் வளையத்தோடு கூடிய பாயுறை ஒன்று தொங்கும். பாய் பயன்படாதபோது அவ்வுறைக்குள் சுருங்கிக் கிடக்கும். ஆஞ்சான் பாயின் தலையிலிருந்து பாய்மரத்தின் மேற்பகுதியிலுள்ள கப்பிக்குச் சென்று, பாய்மரத்தை ஒட்டிக் கீழிறங்கி, அடியிலுள்ள கவ்வியின் வழியாகப் படகோட்டியின் கைக்கு வருகிறது. அதே கயிறு அங்கிருந்து தொடர்ந்து, பாயுறையின் பின்வாயிற் புகுந்து, முன்வாயின் வழியே வெளிவந்து, பாயின் நடுவில் தைக்கப்பட்ட ஒட்டில் முடிகிறது. ஆகவே ஏற்றும் கயிறும் இறக்கும் கயிறும் வெவ்வேறு கயிறுகள் அல்ல. இருபது மீட்டருக்கும் மேற்பட்ட ஒரே கயிற்றின் இரு பகுதிகளே. ஒரு பகுதியை இழுத்தால் பாய் ஏறும். மறு பகுதியை இழுத்தால் பாய் உறைக்குள் திரும்பும்.

பாயின் முன்மூலையைக் கழியின் நுனிக்குக் கொண்டுசெல்வது முனைக்கயிறு. பல படகுகளில் அதுவும் ஆஞ்சானோடு இணைக்கப்பட்டு, ஒரே இழுப்பில் இரண்டு வேலையும் முடியுமாறு அமைக்கப்படுகிறது. தாமானோ பாயின் பின்மூலையிற் தொடங்கி, படகின் ஒரு பக்கக் கப்பியின் வழியாக வலைமேடையைக் கடந்து, மறுபக்கக் கப்பியின் வழியாக அதே மூலைக்குத் திரும்பும் முடிவற்ற வளையமாக உள்ளது. டிரபீஸில் தொங்கும் படகோட்டி எப்பக்கம் இருந்தாலும் கயிறு அவர் கைக்கு எட்டவேண்டும் என்பதே இதன் காரணம்.

இவ்வமைப்பு அறிவு நுட்பம் வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே கயிற்றின்மேல் பல பணிகள் சுமத்தப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் நேரும் சிக்கல் எல்லாப் பணிகளையும் ஒருங்கே நிறுத்திவிடும். இதனை உணராதவர் கயிறு கட்டுவதை எளிய வேலையெனக் கருதுவர்.

சுமையும் உராய்வும்

கயிற்றின்மேல் விழும் சுமையை ஊகத்தால் அறிதல் கூடாது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மிகுகிறது. விநாடிக்கு 8 மீட்டர் வேகமுள்ள காற்று, பாயின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 38 நியூட்டன் அழுத்தம் தரும். அது முழுவதும் 21 சதுர மீட்டர்ப் பாயின்மேல் விழுவதாகக் கொண்டால், மொத்த விசை சுமார் 82 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். காற்றின் வேகம் 10 மீட்டராயின் அது சுமார் 128 கிலோகிராம் எடைக்கு உயர்கிறது. அதாவது, வேகம் நான்கில் ஒரு பங்கு மிகுந்தால் சுமை பாதிக்கு மேல் மிகுகிறது. நல்ல காற்றில் எளிதாகக் கையாளப்பட்ட கயிறு, ஒரு வீச்சில் கையைவிட்டு ஓடுவதன் காரணம் இதுவே.

கயிறு கப்பியில் திரும்புமிடத்தில் நிகழ்வதும் கருதத்தக்கது. கயிறு முற்றிலும் பின்னோக்கித் திரும்பினால், கப்பியைத் தாங்கும் பிடிப்பின்மேல் கயிற்றின் இழுவிசையைப்போல் இருமடங்கு சுமை விழுகிறது. செங்கோணத்தில் திரும்பினாலும் அது 1.4 மடங்காகும். கயிறு தாங்கும் என்று கண்டு, கப்பியின் பிடிப்பை மறந்துவிடுவது பொதுவாகக் காணப்படும் பிழையாகும்.

உராய்வின் கணக்கு இன்னும் வியப்பூட்டுவது. சுழலாத வளையம் ஒன்றில் கயிறு செங்கோணமாக வளைந்து செல்லும்போது, உராய்வுக் கெழு 0.2 ஆயின், மறுபக்கத்தில் 1.37 மடங்கு விசை வேண்டும். இத்தகைய மூன்று வளைவுகள் அடுத்தடுத்து இருப்பின் 2.57 மடங்கு வேண்டும். 10 கிலோகிராம் விசையால் ஏறவேண்டிய பாய்க்கு ஏறத்தாழ 26 கிலோகிராம் விசையைச் செலவிட நேர்கிறது. அதே மூன்று இடங்களிலும், ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் மட்டும் இழப்பு ஏற்படும் குண்டு தாங்கிக் கப்பிகளை வைத்தால், 12 கிலோகிராமுக்கும் குறைந்த விசையே போதும்.

இழுப்பதற்குக் கடினமாயிருந்தால் மேலும் ஒரு கப்பியைச் சேர்த்து இருமடங்கு இழுவை பெறலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இயந்திர நூலின் விதி அவர்களுக்குச் சாதகமாக இல்லை. விசை பாதியாகக் குறைந்தால் இழுக்கவேண்டிய நீளம் இருமடங்காகும். 8 மீட்டர் ஏறவேண்டிய பாய்க்கு 16 மீட்டர் கயிற்றை இழுக்கவேண்டும். அத்தனை கயிறும் பின்னர் வலைமேடையில் தளர்ந்து கிடக்கும். சேர்க்கப்பட்ட கப்பியும் தன் பங்குக்கு உராய்வைத் தரும். எனவே இழுவையைப் பெருக்குவதற்கு முன், உராய்வைக் குறைப்பதே முறையாகும். தேவையற்ற ஒரு வளைவை நீக்குவது புதிய கப்பி ஒன்றைக் காட்டிலும் பயன் தரும். அதற்குச் செலவும் இல்லை.

‘நாக்ரா 17’ போன்ற படகில் இக்கருத்து நியாயத்தையும் தொட்டு நிற்கிறது. உடல் வலிமை மிக்கவரே பாயை ஏற்ற முடியும் என்ற நிலை இயற்கை வகுத்ததன்று. பெரும்பாலும் அது மோசமான கயிற்றமைப்பால் உண்டாவது. உராய்வைக் களைந்த படகில், எடை குறைந்தவரும் இளைஞரும் பெண்களும் திறமையால் மட்டுமே மதிப்பிடப்படுவர்.

கயிறு செல்லும் வழி

கயிறு எவ்வளவு உயர்ந்ததாயினும், செல்லும் வழி பிழைப்பின் பயனில்லை. ஸ்பின்னக்கர் விரியும்போது அது படகின் மற்றெல்லா உறுப்புகளுக்கும் வெளியே நிற்கிறது. ஆகையால் அதன் தாமானும் பக்கத்தாங்கு கம்பிகளுக்கும் டிரபீஸ் கம்பிகளுக்கும் வெளியே செல்லவேண்டும். காற்றுப்பக்கம் மாற்றும்போது பாயின் பின்மூலை முன்தாங்கு கம்பிக்கு முன்னால் கடந்து செல்லும். அங்கே பெரிய முடிச்சு இருந்தால் அது கம்பியில் மாட்டிக்கொள்ளும். பாய் பாதி வழியில் நின்று முறுக்கிக்கொள்ளும். இதனைத் தவிர்க்கவே பின்மூலையில் பருமனான முடிச்சுக்குப் பதிலாகக் கயிற்றிலேயே பின்னிய சிறு கண்ணி விரும்பப்படுகிறது. முனைக்கயிற்றின் முடிச்சு கப்பிக்குள் புகுந்து இறுகாதவாறு அதற்கு முன் ஒரு மணியைக் கோப்பதும் இத்தகைய சிறு அறிவே. சிறிய மணி ஒன்று இல்லாமையால் இறக்க முடியாத பாய், பந்தயத்தை மட்டுமன்றிப் படகையும் கவிழ்த்துவிடக் கூடும்.

பாயை இறக்கும் வரிசையும் கயிற்றமைப்பின் ஒரு பகுதியே. முதலில் இறக்கும் பகுதியின் தளர்ச்சியை வாங்கிக்கொண்டு, பின்னரே ஆஞ்சானைக் கவ்வியிலிருந்து விடுவிக்க வேண்டும். தாமானில் சிறிது இறுக்கம் இருக்கவேண்டும். இவ்வரிசை மாறினால் பாய் அணியத்தின்கீழ் நீரில் விழும்; ஓடும் படகு அதன்மேல் ஏறும். ஆகவே கவ்விகள் இவ்வரிசையைக் கை இயல்பாகப் பின்பற்றும் இடத்தில் அமைதல் வேண்டும். அழகாகத் தோன்றும் இடமும், முன்னிருந்தவர் துளையிட்ட இடமும் அமைப்பைத் தீர்மானிக்கலாகாது.

பாய்மரத்தைப் பற்றிய செய்தி ஒன்றும் இங்கே கூறத்தக்கது. ஸ்பின்னக்கரின் ஆஞ்சான் கப்பி, பெரும்பாலும் பக்கத்தாங்கு கம்பிகள் பிணைந்துள்ள இடத்துக்கு மேலே உள்ளது. அங்கே பாய்மரத்தை முன்னோக்கி வளைக்கும் விசையைத் தடுக்கத் தனிக் கம்பி இல்லை. பெரும்பாயின் தாமான் இறுகி நிற்பதே அதற்குத் தாங்கலாக உள்ளது. எனவே ஸ்பின்னக்கர் விரிந்திருக்கும்போது பெரும்பாயின் தாமானை முற்றிலும் விட்டுவிடுவது பாய்மரத்துக்கே கேடாகலாம். ஒரு கயிற்றின் பொறுப்பு மற்றொரு கயிற்றின்மேல் இவ்வாறு சார்ந்திருப்பதை அறியாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்பிப்பது குறைபாடுள்ள பயிற்சியாகும்.

மூலப்பொருள்கள்

1935இல் கண்டறியப்பட்ட நைலான் நன்கு நீளும் தன்மையுடையது. பாயின் துணிக்கு அது ஏற்றது, ஆஞ்சானுக்கு ஏற்றதன்று. வீச்சுக்கு வீச்சு நீளும் ஆஞ்சான், பாயின் தலையைத் தாழவிட்டு அதன் வடிவத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர் அதனினும் குறைவாக நீளும். நெதர்லாந்தில் 1970களின் இறுதியில் உருவாக்கப்பட்ட மிகை வலிமை பாலியெத்திலீன் இழை, இக்காலத்தில் டைனீமா என்னும் பெயரால் வழங்குவது, மிகச் சிறிதே நீளும், நீரில் மிதக்கும், எடைக்கு எடை எஃகினும் வலிமை மிக்கது. ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. வழவழப்பு மிகுதியால் சாதாரண முடிச்சுகள் அதில் நழுவும். சுமார் 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும் தன்மையுள்ளதால், இறுகிய கயிறு கூரிய விளிம்பில் விரைந்து உராயுமாயின் சேதமுறும். முடிச்சிட்ட கயிறு தன் வலிமையில் ஒரு பெரும் பங்கை இழக்கிறது. முறையாகப் பின்னிய கண்ணி அவ்வாறு இழப்பதில்லை.

தாமானில் முனைப்பகுதியை மெல்லியதாகவும், கை பிடிக்கும் பகுதியை உறையிட்டுத் தடித்ததாகவும் அமைப்பது அறிவுடைமையாகும். மெல்லிய காற்றில் பாயின் மூலையைத் தாழ்த்தும் எடை குறைகிறது. கைக்கும் பிடிப்புக் கிடைக்கிறது. இந்தியாவின் கடுமையான வெயிலும் உப்புக் காற்றும் கயிறுகளுக்கும் கப்பிகளுக்கும் பகையாவன. நைலான் வெயிலில் விரைவில் நலிவடையும். ஒருபுறம் மட்டும் தடுத்துச் சுழலும் ராட்செட் கப்பிகளில் உப்புப் படிந்தால் அவை சுழலாமல் நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் நன்னீரால் கழுவுதல் எவ்வளவு உயர்ந்த கயிற்றுக்கும் அவசியமாகும்.

உயிரைப் பற்றிய கேள்வி

2013ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பயிற்சியில் ஈடுபட்டிருந்த 72 அடி இரட்டையுடற் பந்தயப் படகு ஒன்று உடைந்து கவிழ்ந்தது. ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் அதனடியில் சிக்கி உயிரிழந்தார். அவ்விபத்துக்கு ஸ்பின்னக்கர்க் கயிறு காரணமன்று. ஆயினும், கவிழ்ந்த இரட்டையுடற் படகின்கீழ் சிக்கிக்கொள்ளுதல் எத்துணை கொடிது என்பதை அது உலகுக்கு உணர்த்தியது. மிகத் திறமை வாய்ந்தவரையும் அங்கே திறமை காப்பதில்லை. அதன்பின் 37 பாதுகாப்புப் பரிந்துரைகள் வெளியிடப்பட்டன. டிரபீஸ் கச்சைகள் உடனடியாக விடுவித்துக்கொள்ளத்தக்க அமைப்பு உடையனவாக இருக்கவேண்டும் என்னும் விதி, பாய்ப்படகுப் பந்தய விதிகளில் 2023ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது.

கச்சையைப் பற்றி விதி செய்வோர், காலில் சுற்றும் கயிற்றைப் பற்றியும் சிந்தித்தல் நலம். சிறு படகின் வலைமேடையில் தாமான் வளையமும் ஆஞ்சானின் தளர்ச்சியும் சேர்ந்து பல மீட்டர்க் கயிறு கிடக்கிறது. படகு கவிழும்போது படகோட்டி அவற்றோடு சேர்ந்தே நீரில் விழுகிறார். தளர்ந்த பகுதிகளை நீள்மீள் கயிற்றால் தானே பின்னிழுத்து வைத்தல், எளிதில் எட்டும் இடத்தில் கத்தி ஒன்று வைத்தல், சுமை ஏறிய நிலையிலும் விடுபடும் கவ்விகளையே பயன்படுத்துதல் ஆகியவை வேகத்துக்கென்று கருதப்படும் அமைப்பின் ஒரு கூறாகவே எண்ணப்பட வேண்டும். பெரிய ஒற்றையுடற் படகுகளில் ஸ்பின்னக்கர்த் தாமானின் நுனியில் முடிச்சிடாமல் விடுவதுண்டு; ஆபத்து நேர்ந்தால் அது கப்பியின் வழியே முழுவதும் ஓடிப் பாய் விடுபடும். முடிவற்ற வளையமாக உள்ள தாமானுக்கு அவ்வழி இல்லை. ஆகவே இரட்டையுடற் படகில் ஆபத்தை நீக்கும் வழி ஆஞ்சானின் கவ்வி ஒன்றே. அக்கவ்வி படகோட்டிகள் இருவருக்கும் எட்டாத இடத்தில் இருக்குமாயின், வேறு எவ்வகையிலும் அப்படகைச் சிறந்ததெனக் கூற இயலாது.

எதிர்வாதங்கள்

இவற்றையெல்லாம் அனுபவமே கற்பிக்கும் என்று சிலர் கூறுவர். அனுபவம் சிறந்த ஆசிரியர் என்பது உண்மை. ஆனால் கடலில் அது பெறும் கூலி மிக அதிகம். கரையில் அரைமணி நேரத்தில் கண்டறியக்கூடிய பிழையைக் கடலில் கவிழ்ந்து கண்டறிவது சிக்கனமாகாது.

உயர்ந்த கயிறுகளும் கப்பிகளும் விலை மிக்கவை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை என்பது மற்றொரு வாதம். இது நியாயமானதே. ஆயினும் மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. வழியை நேராக்குவதும், முடிச்சைச் சிறிதாக்குவதும், வரிசையைச் சீர்செய்வதும் சிந்தனையால் ஆகும் வேலைகள்.

உலக வெற்றியாளர் ஒருவரின் அமைப்பை அப்படியே பின்பற்றினால் போதாதா என்னும் கேள்வியும் எழும். பின்பற்றுதல் தவறன்று, காரணம் அறியாமல் பின்பற்றுதலே தவறு. ஒருவரது உயரத்துக்கும் கைநீட்டத்துக்கும் ஏற்ப வைக்கப்பட்ட கவ்வி மற்றொருவருக்கு எட்டாது போகலாம்.

இதற்கு மாறாக, ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் என்றும் கூறுவதற்கில்லை. 2008ஆம் ஆண்டு சிங்டாவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில், ‘49இயர்’ வகைப் படகின் இறுதிப் பந்தயம் தொடங்குமுன் டென்மார்க் இணையரின் பாய்மரம் முறிந்தது. அப்பந்தயத்துக்குத் தகுதி பெறாத குரோவேசிய இணையர் தங்கள் படகை அவர்களுக்கு அளித்தனர். டென்மார்க் வீரர் மற்றவர்களுக்குப் பின்னே தாமதமாகப் புறப்பட்டு, ஏழாவதாக முடித்து, மொத்தப் புள்ளிகளால் தங்கப் பதக்கம் பெற்றனர். அது இரட்டையுடற் படகன்று. எனினும் முன்கழியிலிருந்து விரியும் ஸ்பின்னக்கர் உடையது. பிறர் கட்டிய கயிறுகளைச் சில நிமிடங்களில் கையாள அவர்களால் முடிந்தது. அமைப்பு ஒரேவகையானதாகவும், அதனை அவர்கள் முற்றும் அறிந்தவர்களாகவும் இருந்தமையே அதனை இயல்வதாக்கியது. பொதுவான ஒழுங்கு ஒன்று இருக்க, அதனுள் தேவைக்கேற்ற சிறு மாற்றங்கள் இருத்தலே தக்கதாகும்.

செய்யத்தக்கவை

இந்தியாவில் இத்துறை வளர்ந்து வருகிறது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், சென்னையில் பயின்ற வருண் தக்கரும் கே. சி. கணபதியும் மேற்கூறிய ‘49இயர்’ வகையில் வெண்கலப் பதக்கம் பெற்றனர். பின்னர் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்கேற்றனர். விரைவான படகுகளை நாடும் இளைஞர்களுக்கு, கயிற்றமைப்பும் பாடத்தின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்பட வேண்டும்.

ஒவ்வொரு படகுக்கும் அதன் கயிறுகள் செல்லும் வழியைக் காட்டும் வரைபடம் ஒன்று எழுதி வைக்கப்பட வேண்டும். ஆஞ்சான், முனைக்கயிறு, தாமான் ஆகியவை வெவ்வேறு நிறத்தனவாக இருத்தல் வேண்டும். காற்று மெல்லிதாக உள்ள வேளையில், கரையிலேயே பாயை முழுவதும் ஏற்றி, இருபக்கமும் மாற்றி, மீண்டும் உறைக்குள் இறக்கிப் பார்த்த பின்னரே படகைக் கடலில் விடவேண்டும். ஒவ்வொரு கவ்வியும் கயிறு இறுகிய நிலையில் விடுபடுகிறதா எனச் சோதிக்க வேண்டும். இவை அனைத்தையும் படகில் செல்லும் இருவரே தம் கையால் செய்து, ஒருவர் செய்ததை மற்றவர் சரிபார்க்க வேண்டும். பயிற்சியாளரோ கழகப் பணியாளரோ கட்டிக் கொடுத்த படகில் ஏறிச் செல்லும் வழக்கம் ஊக்குவிக்கத்தக்கதன்று.

இவ்வறிவைத் தமிழில் கற்பிக்க முடியாது என்ற எண்ணத்துக்கும் ஆதாரமில்லை. ஆஞ்சான், தாமான், அணியம், சுக்கான், கப்பி முதலிய சொற்கள் கடற்கரை மக்களின் வழக்கில் உள்ளன. புதிய பொருளுக்குப் புதிய சொல் வேண்டுமாயின், ஸ்பின்னக்கர், டிரபீஸ் போன்றவற்றை அப்படியே ஏற்றுக்கொள்வதில் இழுக்கு இல்லை. தன் மொழியில் பெயர் அறிந்த கயிற்றை, அவசர வேளையில் கை விரைவாகத் தேடிக்கொள்ளும்.

சோழமண்டலக் கரையின் மீனவர் கட்டுமரத்தைக் கரைசேர்த்ததும் அதன் கட்டுகளை அவிழ்த்து மரங்களை உலரவைப்பர். மறுமுறை கடலுக்குச் செல்லுமுன் மீண்டும் கட்டுவர். கட்டுபவரும் கடலுக்குச் செல்பவரும் ஒருவரே ஆதலால், கட்டில் அலட்சியம் நேர்வதில்லை. நார்க்கயிற்றின் இடத்தில் டைனீமாவும், கைமுடிச்சின் இடத்தில் குண்டு தாங்கிக் கப்பியும் வந்துவிட்டன. அவர்கள் கைக்கொண்ட அந்நியதி மட்டும் மாறவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பந்தயப் படகோட்டிகளும் அவர்களைப் பயிற்றுவிப்போரும் அதனை மீண்டும் மேற்கொள்வார்களாயின், பதக்கங்கள் கிடைப்பினும் கிடையாவிடினும், கடலுக்குச் சென்றவர் அனைவரும் கரைக்குத் திரும்புவர் என்ற உறுதி மேலும் வலுப்பெறும்.